பாப்பாவிடம் கொடுத்த ஏரி

பிப்ரவரி 9

படகுத்துறைக்குப் போய்விட்டு வந்தேன். நகராட்சித் தலைவர் ஆசை ஆசையாக வாங்கி விட்ட அன்னப் படகுகள் எல்லாம் சேற்றில் கழுத்தைச் சாய்த்துக் கிடக்கின்றன. தண்ணீர் அவற்றை விட்டு ஒரு தெரு தூரம் தள்ளிப் போய்விட்டது. டிக்கெட் கவுண்டரில் மட்டும் ஆள் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு டிக்கெட் என்று கேட்டேன். "மூடச் சொல்லி யாரும் எழுத்துல தரலையே மேடம்," என்றார். எங்கள் நிர்வாகத்தை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு மழைக்காலம் பொய்த்துவிட்டது. எங்களுடையது பரந்த ஏரி, ஆழம் கிடையாது. தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி. வெயில் தன் பங்கைக் குடித்துவிட்டுப் போன மிச்சம்தான் ஊருக்கு. இந்த ஊரின் குடிநீர்ப் பொறியாளர் நான். என்னிடம் ஒரு வறட்சித் திட்டம் இருக்கிறது, எனக்கு முன்பிருந்தவர் எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போனது. முதல் கட்டம் உபதேசம். இரண்டாம் கட்டம் கட்டுப்பாடு. மூன்றாம் கட்டம், பக்கத்து ஊரிலிருந்து இணைப்புக் குழாய் வழியாகத் தண்ணீர் வாங்குவது.

இப்போது உபதேசத்தில் இருக்கிறோம். ஊரெங்கும் சுவரொட்டி: கண்ணீர் விட்டு அழுகிற ஒரு தண்ணீர்த் துளி. சிக்கனம் சொல்ல வந்த துளியே இப்படி அழுது வீணாக்கினால் எப்படி?

பிப்ரவரி 12

இரண்டாம் கட்டத்தை அறிவித்துவிட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். செடிக்கு விடக்கூடாது, வாசலைக் கழுவக்கூடாது, வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் கடைகளை மூட வேண்டும்.

ஊரிலேயே பெரிய வாட்டர் சர்வீஸ் கடை யாருடையது? என் வீட்டுக்காரருடையது. நோட்டீஸில் இருக்கிற கையெழுத்து யாருடையது? சரி, விடு.

அலுவலக உதவியாளர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இவர் அதை வாங்கி, கார் ஏறி நிற்கும் மேடைக்கு நேர் மேலே பசை தடவி ஒட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். "கையெழுத்து நல்லா இருக்கு," என்றார். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பிப்ரவரி 13

காலையில் டீ வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர்தான் போடுவார். நானே போட்டுக் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

பிப்ரவரி 21

கடை இல்லாத மனிதர் வீட்டில் இருந்தால் என்ன செய்வார்? பரண் ஒழிப்பார். நான்கு நாளாக ஒழித்துக்கொண்டே இருக்கிறார். இன்று பரண் மேலிருந்தே கேட்டார், நம்ம பெரிய பெட்டி எங்கே என்று.

எங்கே? உங்கள் தங்கையைக் கேளுங்கள்.

அவர் தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது. பக்கத்து ஊர் நகராட்சியில் அவளும் குடிநீர்ப் பொறியாளர். அவளுக்குக் கீழே ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. ஆனாலும் இந்த வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். அந்த மெரூன் பெட்டி நான் ஆசைப்பட்டு வாங்கியது. சக்கரம் வைத்தது. என்னோடு ஒரு ஊருக்கும் போகாதது. பயிற்சி வகுப்புக்குப் போகணும் அண்ணி, ஒரே வாரத்துல தந்துடறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெட்டிதானே என்கிறார் இவர். ஒரு பெட்டிதான். அதையே தரத் தெரியவில்லை என்பதுதான் என் பேச்சு.

மார்ச் 2

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் ஏரி மூன்றாம் கட்டக் குறிக்குக் கீழே இறங்கிவிட்டது. திட்டப்படி பக்கத்து ஊரில் தண்ணீர் கேட்க வேண்டும். பெட்டிக் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாப்பாவுக்கு போன் போட்டேன். பிஸி. மறுபடியும் போட்டேன், பிஸி. யாரிடம் இவ்வளவு நேரம் வாயாடுகிறாள் என்று திட்டிக்கொண்டே போனைக் கீழே வைத்தேன். வைத்த கையோடு மணி அடித்தது. அவள்தான்.

"எவ்வளவு நேரமா அடிக்கிறேன் அண்ணி, பிஸி பிஸின்னே வருது."

"நானும் உனக்குத்தான் அடிச்சிட்டிருந்தேன்."

"மூணாம் கட்டத்துக்கு வந்துட்டோம். உங்க தண்ணி வேணும்."

"என் தண்ணியா? நான் உன் தண்ணிய கேக்கத்தானே கூப்பிட்டேன்," என்றேன்.

எங்கள் திட்டத்தில் எங்களைக் காப்பாற்றப் போவது அவர்கள். அவர்கள் திட்டத்தில் அவர்களைக் காப்பாற்றப் போவது நாங்கள். இத்தனை வருஷமாக இரண்டு ஊரும் ஒருத்தர் பாக்கெட்டில் ஒருத்தர் கையை விட்டுக்கொண்டு, பணம் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். கூப்பிட்டுக் கேட்க வேண்டிய நிலைமை ஒருநாளும் வரவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. மேலே இருக்கிறவர்கள் இரண்டு திட்டத்தையும் மிகச் சிறப்பு என்று பாராட்டிச் சான்றிதழ் வேறு கொடுத்திருக்கிறார்கள். என்னுடையது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

போனில் முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் நானும் சிரித்தேன். அதற்கப்புறம்தான் இரண்டு ஊருக்குமே தண்ணீர் இல்லை என்பது உறைத்தது.

மார்ச் 5

இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற வால்வு அறையில் பாப்பாவைப் பார்த்தேன். இந்த இணைப்புக் குழாயை அந்தக் காலத்தில் தலைவர்கள் மாலையும் கழுத்துமாக நின்று திறந்து வைத்தார்கள். இரண்டு முனையிலும் மோட்டார் உண்டு, எந்தப் பக்கமும் தள்ளலாம். ஒரு சொட்டுகூடத் தள்ளியதில்லை. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

வந்ததும் வராததுமாகப் பெட்டியைக் கேட்டேன். அடுத்த தடவை கண்டிப்பாகக் கொண்டுவருவதாகச் சொன்னாள். முகத்தில் ஒரு வெட்கம் வேண்டுமே? கிடையாது.

இரண்டு ஏரியின் அளவுக் கணக்கையும் தரையில் விரித்து வைத்துப் பார்த்தோம். அவரவர் தண்ணீரை அவரவர் வைத்துக்கொண்டால், வெயில் உச்சத்துக்குப் போகும்போது நாங்கள் காலி. மழைக்கு முன்னால் அவர்களும் காலி. இதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குடும்பத்தில் இப்படி ஒற்றுமை அபூர்வம்.

மார்ச் 8

ஒரு வழி இருக்கிறது. அது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

எங்கள் ஏரி தட்டு. அவர்கள் ஏரி மலை இடுக்கில் இருக்கிற அண்டா. தட்டில் வைத்ததை நாம் குடிக்காவிட்டாலும் வெயில் குடித்துவிடும். அண்டாவில் இருப்பது கிடக்கும். அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு ஊரும் சேர்ந்து முதலில் எங்கள் ஏரியைக் குடித்துத் தீர்க்க வேண்டும். அதுவரை அவர்கள் ஏரியைத் தொடக் கூடாது. எங்களுடையது தீர்ந்ததும் அவர்கள் மோட்டாரைப் போட்டு இரண்டு ஊருக்கும் கொடுக்க வேண்டும். எத்தனை தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இப்படிச் செய்தால் மட்டும்தான் மழை வரை தாங்குகிறது.

அதாவது, நான் என் ஏரியை முழுசாகக் கொடுத்துவிட்டு, வெறும் சேற்றின் முன்னால் நின்றுகொண்டு, திருப்பிக் கொடு என்று கையை நீட்ட வேண்டும். யாரிடம்? பெட்டி வாங்கிக்கொண்டு போனவளிடம்.

மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதேதான் வருகிறது.

மார்ச் 12

தலைவரிடம் சொன்னேன். நம் தண்ணீரை எதற்கு அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று குதித்தார். வெயில், ஆவி, தட்டு, அண்டா எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில், ரெண்டு ஊருக்கும் தண்ணி குடுத்த தலைவர்னு பேர் வரும் சார் என்றேன். குதிப்பது நின்றது. பேப்பரில் படம் கறுப்பு வெள்ளையா கலரா என்று கேட்டார்.

அவர்கள் ஊர்த் தலைவரைப் பாப்பா பேசி மசிய வைத்துவிட்டாள். ஊரே அவரை மீசை என்றுதான் சொல்லும். நான் கொடுத்த ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு, வாய் வார்த்தை போதாதா என்று திருப்பித் தந்துவிட்டார். வாங்குவதற்கு மட்டும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

ஆக, எழுத்தில் ஒன்றும் இல்லை. பாப்பா மட்டும்தான் இருக்கிறாள். வெளியே வந்ததும் அவளை நிறுத்தி நேராகக் கேட்டேன், உங்காளு மோட்டாரைப் போட விடலன்னா என்ன பண்ணுவ என்று. "போடுவேன் அண்ணி," என்றாள். எப்படிப் போடுவாய் என்றதற்கு, வெயில் ஏறுது, கிளம்புங்க என்றாள்.

மார்ச் 20

எங்கள் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. தலைவர் சுவிட்சைத் தட்டினார். கலர் படம்தான்.

மார்ச் 27

வார்டு கூட்டத்தில் ஒரு தையல்கார அம்மா எழுந்து நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "நாத்தனாருக்குப் புடவை எடுத்துக் குடுப்பாங்க, வளையல் வாங்கிக் குடுப்பாங்க. ஏரியத் தூக்கிக் குடுத்தவள இப்பத்தான் பாக்குறேன்." கூட்டம் முழுக்கச் சிரிப்பு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதை வேறு திமிர் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 16

ஊர் வண்டிகள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன, புழுதி நிறம். அலுவலக ஜீப்பின் கண்ணாடியில் யாரோ விரலால் "ஏரி எங்கே?" என்று எழுதியிருக்கிறார்கள். துடைக்கத் தண்ணீர் கிடையாது. அதோடுதான் ஊர் சுற்றுகிறேன்.

இவர் ஈரத்துணியும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வண்டி துடைத்துக் கொடுக்கிறார். கடையில் வேலை செய்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு போகிறார். அந்த வாளித் தண்ணீருக்கு என்னிடம் அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறார். வீட்டில் கேட்டால் போதாதா? அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்று கொடுத்தார். நான் அனுமதித்தேன். அன்று சாயங்காலம் டீ வந்தது.

மே 11

ஏரி தீர்ந்துவிட்டது. நடுவில் ஒரு குட்டை, கொக்குகள். இன்று எங்கள் மோட்டாரை நிறுத்தினோம். நாளை அவர்கள் மோட்டார் ஓட வேண்டும். பாப்பாவுக்குத் தகவல் சொல்லியாயிற்று.

மே 12

ஓடவில்லை. மோட்டாரைப் பரிசோதிக்க வேண்டுமாம்.

மே 13

குழு அமைக்க வேண்டுமாம். மீசை சொல்லியனுப்பியிருக்கிறார். முடியாது என்று மனிதர் சொல்லவே இல்லை. பார்க்கலாம், பேசலாம், அவசரப்படக் கூடாது. நம் தலைவர் போன் போட்டால், மீசை நலம் விசாரிக்கிறாராம்.

பாப்பா போனை எடுக்கவில்லை.

மே 14

குழாயில் காற்றுகூட வரவில்லை. மேல்நிலைத் தொட்டியின் அடியில் இருந்ததை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பினேன். ஊர் திரண்டு வந்துவிட்டது. குடங்களை வாசலிலிருந்து என் நாற்காலி வரை வரிசையாக வைத்துவிட்டார்கள். பாத்ரூம் போக எழுந்தால் குடம் உருள்கிறது. போய்த்தான் என்ன, அங்கேயும் தண்ணீர் இல்லை. தையல்கார அம்மா கைக்குழந்தையோடு வந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். அன்று போலத் திட்டியிருக்கலாம்.

எவ்வளவு பெரிய முட்டாள் நான். ஒரு பெட்டியைத் திருப்பித் தராதவ ஏரியத் தருவாளா? கணக்குப் போடத் தெரியுது, மனுஷங்களப் பாக்கத் தெரியலையே எனக்கு. இவர்கிட்ட கத்தினேன். உங்க தங்கச்சி, உங்க தங்கச்சின்னு கத்தினேன். இவர் வாளியக் கவுத்து வெச்சுட்டு இடிஞ்சுபோய் உக்காந்திருந்தார். அவருக்கும் அவ போனை எடுக்கல.

மே 15

விடிந்ததும் நீரேற்று நிலையத்திலிருந்து ஆள் ஓடிவந்தார். குழாய் இருமுகிறது என்றார். ஓடினேன். முதலில் காற்று, அப்புறம் துரு கலந்து சிவப்பாக ஒரு கொப்பளிப்பு. பிறகு கலங்கல். பிறகு தண்ணீர்.

நான் அழவில்லை. கொஞ்சம் அழுதேன். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வீணாக்கட்டும்.

மே 16

சாயங்காலம் அழைப்பு மணி. கதவைத் திறந்தால் பாப்பா. கையில் என் மெரூன் பெட்டி.

"ஒரு சக்கரம் எங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். உடைந்துவிட்டதாம், புதுசு போட்டுத் தரலாம் என்றுதான் இத்தனை நாள் தராமல் வைத்திருந்தாளாம். நாலு வருஷம்.

உள்ளே வந்து உட்கார்ந்து சொன்னாள். மீசை மோட்டார் அறையில் காவலுக்கு ஆள் போட்டு, அவள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டாராம். நேற்று விடிகாலையில் காவலாளி டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு மோட்டாரைப் போட்டிருக்கிறாள். அப்புறம் கதவைத் திறந்துவிட்டு, நேராக அலுவலகம் போய், நான்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். மத்தியானத்துக்குள் சஸ்பெண்ட். நகராட்சி வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவளிடம் இருந்த ஒரே பெட்டி இதுதான், அதில் துணியை அடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

உன்னை அனுப்பிவிட்டு மீசை மோட்டாரை நிறுத்திவிட மாட்டாரா என்று பதறினேன். அவள் அண்ணன் போட்ட டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"நிறுத்த மாட்டார் அண்ணி. தண்ணிய விடாம இருக்க யாரும் கையெழுத்துப் போட வேணாம், சும்மா இருந்தாப் போதும். ஓடுறத நிறுத்தணும்னா எழுத்துல போடணும். பக்கத்து ஊர் தண்ணிய ரெண்டு மாசம் குடிச்சுட்டு, இப்ப அவங்களுக்கு மூடுன்னு எழுத்துல போட அவருக்குத் தைரியம் கிடையாது. மோட்டார்க்காரங்களும் எழுத்துல குடுத்தாத்தான் நிறுத்துவோம்னு சொல்லிட்டாங்க."

படகுத்துறைக்காரர் நினைவுக்கு வந்தார். இன்னும் கவுண்டரில்தான் இருக்கிறார்.

போன் இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கக் கூடாதா என்றேன். போடுவேன்னு அன்னிக்கே சொன்னேனே அண்ணி என்றாள், அப்பாவி மாதிரி. அவளுக்கு வேலை போயிருக்கிறது, வீடு போயிருக்கிறது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

மே 29

தண்ணீர் வருகிறது. மீசை எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 10

கடை இல்லாத அண்ணனையும் வேலை இல்லாத தங்கையையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு படாத பாடு படுகிறேன். பரணை மறுபடியும் ஒழிக்கிறார்கள்.

பாப்பாதான் சொன்னாள், ஏரி காய்ந்து கிடக்கும்போதே தூர் வாரிவிட்டால் என்ன என்று. எத்தனையோ வருஷத்து வண்டல். வாரினால் தட்டு கொஞ்சமாவது சட்டியாகும். தலைவரிடம் போனேன். ஆழமாக இருந்தால் அன்னப் படகு தரை தட்டாது சார் என்றேன். உடனே ஒப்புக்கொண்டார். அவரை எப்படிக் கையாள்வது என்று இந்த வறட்சி எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

ஜூலை 3

பாப்பா தினமும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏரிக்குள் போய்விடுகிறாள். சம்பளம் கிடையாது, உத்தரவு கிடையாது. மண் வெட்டும் இயந்திரக்காரர்களை விரட்டுகிறாள். தையல்கார அம்மா அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாராம். எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை.

வீட்டில் புது வறட்சித் திட்டம் எழுதுகிறோம். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஒரே தண்ணீரை இரண்டு தடவை எண்ணக்கூடாது என்பது முதல் வரி. மழை நன்றாகப் பெய்கிற வருஷத்திலும் குழாயை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்கு நேற்றிலிருந்து சண்டை.

ஆகஸ்ட் 30

மழை. வெளுத்து வாங்குகிறது. இவர் வாசலில் நனைந்துகொண்டு நின்றார். நோட்டீஸை எப்போது கிழிக்கலாம் என்று கேட்டார். எழுத்தில் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 14

கடை திறந்தாயிற்று. முதல் வண்டி அலுவலக ஜீப். கண்ணாடியில் இருந்த கேள்வியை இவரே தேய்த்துக் கழுவினார்.

பாப்பாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நீக்கியது ஏன் என்றும் எழுதவில்லை, எடுத்தது ஏன் என்றும் எழுதவில்லை. இரண்டு ஊருக்கும் பொதுவான திட்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. மீசை கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவைப் பிடிக்கும்போது கை நடுங்கியதாம், அவள் நடித்துக் காட்டினாள்.

இன்று கிளம்பினாள். உள்ளே போய்ப் பார்த்தால், துணிமணியை எல்லாம் இரண்டு துணிப்பையில் திணித்துக்கொண்டிருக்கிறாள். பெட்டியைத் துடைத்துச் சுவர் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தாள். இவர் கடையில் கிடந்த ஏதோ தள்ளுவண்டியின் சக்கரத்தை அதில் மாட்டியிருக்கிறார். மற்றதைவிடப் பெரியது, பச்சை நிறம். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"எப்ப திருப்பித் தரணும் அண்ணி?"

"மூணாம் கட்டத்துக்கு," என்றேன்.

பஸ் நிலையம் வரை போனேன். பெட்டி மேலே வைக்கிற கம்பியில் ஏறவில்லை. மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் போனாள்.